பால்கனியில் தொங்கும் துணிப்பையில் மண்புழு உரம்: வெயிலைத் தாங்குமா, கீழ்வீட்டில் சொட்டுமா?

கேள்வியை ஒருமுறை என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். தாம்பரம் பக்கம் அடுக்குமாடியில் இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, நாலு பேர் குடும்பம். தரையில் தொட்டி வைக்க இடமில்லை. அதனால் வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்த மாதிரி ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு அதில் மண்புழு உரம் தயாரிக்க ஆசைப்படுகிறீர்கள். ரெடிமேட் பையின் விலை மலைக்க வைக்கிறது, வீட்டில் கிடக்கும் சணல் சாக்கிலேயே செய்துகொள்ளலாமா, எப்படித் தைப்பது, உள்ளே என்ன போடுவது என்று கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மே மாசம் புழு உயிரோட இருக்குமா? கீழ்வீட்டு மாமி துணி காயப்போடுற இடத்துல சொட்டுமா?" உண்மையான கேள்வி அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. பை தைப்பது ஒரு மத்தியான வேலை. அதற்குப் பிறகு வருகிற பன்னிரண்டு மாதம்தான் விஷயமே.

சுருக்கமான பதில்: முடியும். நாலு பேர் வீட்டுக் கழிவு மொத்தத்தையும் ஒரு பை தின்றுவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சணல் சாக்கும் வேண்டாம். நான் வேளாண்மையில் பட்டயம் படித்தவன். ஈரோடு பக்கம் ஒன்பது வருடம் சிமென்ட் தொட்டிகளில் மண்புழு உரம் போட்டேன். சென்னைக்கு வந்த பிறகு ஐந்து வருடமாக பால்கனியில் துணிப்பை. இதுவரை மூன்று பைகள், அதில் ஒன்றைச் சாகடித்தும் இருக்கிறேன். ஆய்வுக்கூடம் எதுவும் என்னிடம் இல்லை. கை, மூக்கு, ஒரு சமையல் தெர்மாமீட்டர், இவ்வளவுதான் கருவிகள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரிக் குளிரில் வைத்துப் பார்த்ததில்லை; அங்கே இருப்பவர்கள் கீழே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும், புனல் மாதிரி இருக்கும். மேல்வாய் வழியாகக் கழிவு போகும். புழுக்கள் மேல் அடுக்கில் தின்றுகொண்டே மேலே ஏறும், அவை கழித்தது கீழே தங்கும், கீழ்வாய் நாடாவை அவிழ்த்து அதை எடுத்துக்கொள்ளலாம். சாப்பாடு இருக்கிற பக்கம் புழு போய்விடும் என்கிற ஒரே குணத்தை நம்பித்தான் மொத்த ஏற்பாடும். பிளாஸ்டிக் வாளியில் செய்தால் உரம் எடுக்கும்போது எல்லாவற்றையும் தரையில் கொட்டி, புழுவைப் பொறுக்கி, மறுபடி முதலிலிருந்து படுக்கை (புழு தங்குகிற அடுக்கு) போடவேண்டும். இரண்டு தடவை செய்தால் மூன்றாவது தடவைக்கு வாளி மாடிப்படிக்கு அடியில் போய்விடும். பையில் அந்த வேலை இல்லை. இன்னொரு லாபம், காற்று. வாளியில் துளை போட்ட இடத்தில் மட்டும்தான் காற்று நுழையும். துணியில் நாலு பக்கமும் நுழையும். புழு தோலால் சுவாசிக்கிற உயிர், அதற்கும் இது நல்லது. நாற்றம் என்பது பெரும்பாலும் காற்று போகாத இடத்தில் கழிவு அழுகுவதால் வருவது. எனவே ஓரளவு கவனித்தாலே துணிப்பை நாறாது.

ஆனால் காற்று நுழைகிற அதே துணி வழியாகத்தான் ஈரம் வெளியேறுகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதற்கும், ராத்திரி நிரப்பியது காலையில் ஒரு சொம்பு குறைந்திருப்பதற்கும் ஒரே காரணம்தானே, பையும் அப்படித்தான். நீங்கள் பார்த்த வீடியோக்களில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் அறையிலோ 20 டிகிரி சூட்டில் பையை வைத்திருப்பார்கள். அவர்களுடைய கவலை, உள்ளே சேறாகிவிடக்கூடாது என்பது. நமக்கு நேர்மாறு. அதனால் இந்தப் பதில் சுற்றிச் சுற்றித் தண்ணீரிலேயே வந்து நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துணி. என் முதல் பை சணல் சாக்குதான். பதினோராவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தொப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால் அடி கிழிந்து, பத்துப் பன்னிரண்டு கிலோ ஈரக் குப்பையும் புழுவும் செருப்பு ஸ்டாண்டு மேலே. சணலும் பருத்தியும் செடியிலிருந்து வந்தவை. காய்ந்த இலையை மக்கவைக்கிற அதே நுண்ணுயிர்களுக்கு அவையும் தீனி. பழைய வேட்டி, ஜீன்ஸ் பேன்ட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பேன்ட்டின் காலைக் கட்டிவிட்டு இடுப்பு வழியாகக் கழிவு போடுகிற யோசனை பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஒரு சீசன்கூடத் தாங்காது. அரிசி, சிமென்ட் வருகிற பிளாஸ்டிக் சாக்கு மக்காது, ஆனால் நேரடி வெயிலில் சில மாதங்களில் நார் நாராக நொறுங்கிக் கொட்டும். அந்தத் தூள் உரத்தில் கலந்தால் பொறுக்கவே முடியாது. இப்போது நான் வைத்திருப்பது பாலியஸ்டர் கேன்வாஸ், ஸ்கூல் பை தைக்கிறவர்களிடம் கிடைக்கும். வாங்கும்போது ஒரு சோதனை: துணியை வாயில் வைத்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையில் காற்று படவேண்டும். படவில்லை என்றால் உள்பக்கம் ரப்பர் மாதிரிப் பூச்சு இருக்கிறது. மழைக்கு நல்லது, புழுவுக்கு ஆகாது. பச்சை ஷேட் நெட்டில் தைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது காற்றை அளவுக்கு மீறி விடும். நம் ஊரில் இரண்டு நாளில் உள்ளே வறட்டியாகிவிடும்.

அளவு: மேல்வாய் 20 அங்குலச் சதுரம், கீழ்வாய் 8 அங்குலம், உயரம் 24 அங்குலம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 80 லிட்டர். முக்கால்வாசி நிரம்பினாலே 40 கிலோ வரும், எனவே பலத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். தையல்காரரிடம் கட்டாயம் நைலான் நூலில், இரட்டைத் தையலாக அடிக்கச் சொல்லுங்கள். துணி பாலியஸ்டராக இருந்து நூல் பருத்தியாக இருந்தால் மூட்டு விட்டுப்போகும். என் இரண்டாவது பையில் இது நடந்தது. கீழ்வாயில் ஒரு சாண் நீளத்துக்குத் துணியைக் குழாய் மாதிரி விட்டு, பாவாடைக்கு நாடா கோப்பதுபோல ஒரு நைலான் கயிறு கோத்துக்கொள்ளுங்கள். ஜிப்பும் வைக்கலாம், ஆனால் ஈர உரம் புகுந்து ஆறு மாதத்தில் அது நகராது. ட்ராவல் பேக் கைப்பிடிக்குப் போடுகிற நைலான் பட்டையை ஒரு மேல் மூலையிலிருந்து பக்கத்தோடு இறக்கி, கீழ்வாய்க்குச் சற்று மேலே சுற்றி, எதிர் மூலைக்கு ஏற்றித் தைத்துவிட்டால் எடை பட்டையில் தொங்கும், துணியில் தொங்காது. மேலே மூட, எலாஸ்டிக் வைத்த கொசுவலை ஒன்று.

எதில் தொங்கவிடுவது? பழைய வீடுகளில் தூளி கட்ட உத்தரத்தில் வளையம் இருக்கும். அந்த மாதிரியோ, ஊஞ்சல் கொக்கியோ கான்கிரீட்டில் பதித்தது இருந்தால் எடை தாங்கும். பால்கனி கிரில்லிலோ, துணி காயப்போடும் கம்பியிலோ மாட்டாதீர்கள். 40 கிலோ கீழே போனால் மாமியின் துணி மட்டும் போகாது. நான் விரும்புவது ஸ்டாண்டு. பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒரு அங்குலச் சதுரக் குழாயில் நாலு கால் சட்டம் அடித்துத் தருவார்கள். கால் இருந்தால் எறும்புக்குத் தடை போட முடியும், அதை அப்புறம் சொல்கிறேன். கீழ்வாய்க்கும் தரைக்கும் நடுவே ஒரு பேசின் வைக்கிற உயரம் இருக்கட்டும். மேற்குப் பால்கனியில் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வெயில் எந்தெந்த இடத்தில் விழுகிறது என்று ஒரு நாள் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். கோட்டுக்கு உள்ளே பை இருக்கக்கூடாது. வேறு வழியில்லை என்றால் மூங்கில் தட்டி கட்டுங்கள். ஏசியின் வெளி யூனிட் அந்தப் பால்கனியில் இருக்கிறதா? அதன் காற்று படுகிற பக்கமே வேண்டாம்.

படுக்கைக்கு: 650 கிராம் கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) கட்டி இரண்டு வாங்கி ஊறவைத்தால் ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது லிட்டருக்கு உப்பும். அதை மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். தேங்காய் மட்டையில் உப்பு உண்டு, புழுவுக்கு உப்பு ஆகவே ஆகாது. அதோடு கிழித்த பழுப்பு அட்டைப்பெட்டி (டேப்பையும் வழவழப்பான அச்சுத்தாளையும் உரித்துவிட்டு), காய்ந்த இலை, மக்கிய சாணம். நகரத்தில் சாணத்துக்கு எங்கே போவது என்றால், பூஜைக் கடை வறட்டியை இரண்டு நாள் ஊறவைத்தால் போதும், நாலைந்து வறட்டி. பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம், அது உள்ளே கொதிக்கும். தெரிந்த தொழுவத்தில் வாங்குவதாக இருந்தால் மாட்டுக்குச் சமீபத்தில் குடற்புழு மருந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள். மருந்து சாணத்தில் இறங்கும். கீழ்வாயைக் கட்டிவிட்டு, அடியில் கசக்கிய செய்தித்தாளும் அட்டையும் ஒரு கை உயரத்துக்கு அடைத்து, அதன்மேல் இந்தக் கலவையைப் பாதிப் பைக்கு நிரப்புங்கள். பத்து நாள் சும்மா விடுங்கள். நடுவில் கையை விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பு இல்லை என்று ஆன பிறகுதான் புழு.

எந்தப் புழு என்பதில்தான் கடைக்காரர்கள் அதிகம் குழப்புகிறார்கள். நிலத்தைத் தோண்டினால் வருகிற புழு வேண்டாம்; அது மண்ணுக்குள் வளை போட்டு வாழ்வது, பையில் தங்காது. குப்பை உரத்துக்கு மேற்பரப்பில் வாழ்கிற இனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பண்ணைகளில் பெரும்பாலும் கிடைப்பது மூன்று. யூட்ரிலஸ் யூஜினியே, ஆப்பிரிக்கப் புழு என்பார்கள், பெரியது, நிறையத் தின்னும், 25லிருந்து 30 டிகிரிதான் அதற்குச் சுகம். ஐசீனியா ஃபெட்டிடா, சிவப்புப் புழு, குளிர் நாட்டுக்காரன், 25 டிகிரிக்குக் கீழே நன்றாக இருக்கும், 35ஐத் தாண்டினால் தாங்காது. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், நம் ஊர் இனம், மெலிந்தது, வேகமாக நெளியும், சூடு தாங்கும். சென்னை நியூ காலேஜில் இருந்த மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர் இனங்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார். எனக்கும் தாம்பரம் வெயிலுக்கு பெரியோனிக்ஸ்தான் சரி என்று படுகிறது. அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: பிடிக்கவில்லை என்றால் கூட்டமாகக் கிளம்பிவிடும். பெரும்பாலான பண்ணைகளில் இரண்டு மூன்று இனமும் கலந்துதான் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் பால்கனி எதற்கு ஒத்துவருகிறதோ அது பெருகும். அரை கிலோ போதும். எண்ணிக்கையில் வாங்குவதைவிடப் படுக்கையோடு சேர்த்து வாங்குவது நல்லது, முட்டைக் கூடுகளும் வந்துவிடும்; எலுமிச்சை வடிவத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

முதல் ராத்திரி விளக்கு எரியட்டும். புழு வெளிச்சத்துக்குப் பயந்தது. புது இடத்திலிருந்து வெளியே வரப் பார்க்கும், விளக்கு இருந்தால் உள்ளேயே கிடக்கும். இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், என் வீட்டிலேயே மறந்தேன். இரவு இடியோடு மழை. காலையில் பார்த்தால் பால்கனிச் சுவரில், கதவு நிலையில், ஹால் டைல்ஸில் எல்லாம் புழு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு காபி போடப் போய்விட்டாள். அதன் பிறகு வலைமூடி இல்லாமல் நான் பை வைப்பதில்லை. இரண்டு வாரம் கடந்தால் ஓடுவது நின்றுவிடும். அதற்கு அப்புறமும் ஓடினால் உள்ளே ஏதோ சரியில்லை: புளிப்பு, சூடு, அல்லது அதிக ஈரம்.

தீனிக்கு வருவோம். "புழு தன் எடையில் பாதியை ஒரு நாளில் தின்னும்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எல்லாம் கச்சிதமாக இருந்தால் நடக்கலாம். பால்கனிப் பையில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ புழுவுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம், அதாவது இரண்டு கைப்பிடி நறுக்கிய தோல். ஆறு மாதத்தில் புழு பெருகினால் அளவும் கூடும். நாலு பேர் வீட்டில் காய்கறி நாளில் அரை கிலோவுக்கு மேல் கழிவு வரும், எனவே மீதியை மாநகராட்சி பச்சைத் தொட்டியில் போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேராசையால் அளவுக்கு மீறிப் போட்டுப் புளிக்கவைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற முதல் தவறு.

வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு, பூசணிக் குடல், சுரைக்காய்த் தோல், டிகாக்ஷன் இறக்கிய காபித் தூள், கழுவிய டீத்தூள், கிழித்த வாழையிலை இவையெல்லாம் புழுவுக்கு விருந்து. முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்ஸியில் பொடித்து வாரம் ஒரு ஸ்பூன் தூவினால் புளிப்பு அடங்கும். ஆகாதவை: தாளித்தது எதுவும், ஊறுகாய், சாம்பார் சாதம், தயிர், மீன், கறி. இலையில் ஒதுக்கிய முருங்கைக்காய்ச் சக்கையிலும் உப்பு இருக்கிறது. எலுமிச்சை, சாத்துக்குடித் தோல், வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய்க் காம்பு கொஞ்சமாகப் போனால் சமாளிக்கும், குவித்தால் விலகி ஓடும். கரைத்த புளியின் சக்கையைத் தவிர்த்துவிடுங்கள். சாமிக்குப் போட்ட மாலையைப் போடலாம், ஆனால் நூலையும் ஜிகினாவையும் உருவிவிட்டு. கதம்பத்து நூலில் சிக்கி இறுகிக் கிடந்த புழுவை நானே கத்தரியால் பிரித்திருக்கிறேன். போடும் முறை சுலபம். மேலே இருக்கும் காய்ந்த இலையைக் கையால் ஒதுக்கி, ஒரு மூலையில் குழி செய்து, கழிவைப் போட்டு, மூடிவிடுங்கள். அடுத்த முறை அடுத்த மூலை. முதல் மூலைக்குத் திரும்பி வரும்போது பழையது அடையாளம் தெரியாமல் போயிருந்தால் சரியான வேகத்தில் போகிறீர்கள். வெண்டைக்காய்க் காம்பு அப்படியே கிடந்தால் மூன்று நாள் விட்டுப் போடுங்கள். மூடாமல் போட்டால் குட்டி குட்டியாகப் பழ ஈ மொய்க்கும். மாம்பழ சீசனில் இதை ரொம்பக் கவனிக்கவேண்டும்.

இப்போது தண்ணீர். உள்ளே ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும். ஒழுகினால் அதிகம், வராவிட்டால் குறைவு. ஆனால் நடுவில் மட்டும் பிடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். துணிப்பையின் வியாதி ஓரத்தில்தான். துணியை ஒட்டி ஒரு அங்குலம், இரண்டு அங்குலத்துக்கு ஓர் ஓடு மாதிரிக் காய்ந்துபோகும். அந்தப் பக்கம் புழு எட்டிக்கூடப் பார்க்காது. நடுவில் சேறு, ஓரத்தில் சருகு, இரண்டும் ஒரே பையில். மேலிருந்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் நடுவழியாக இறங்கிக் கீழே சொட்டுமே தவிர, ஓடு நனையாது. நான் செய்வது இரண்டு. ஒன்று, கேன்வாஸுக்கு உள்பக்கம் பழைய சணல் சாக்கை அஸ்தரமாக விடுவது. அது ஈரத்தை உறிஞ்சி ஓரம் முழுக்கப் பரப்பும், நாலைந்து மாதத்தில் அதுவும் உரமாகிவிடும், மறுபடி ஒன்று சொருகலாம். எடையைத் தாங்க உதவாத சாக்கு இங்கே உதவுகிறது. இரண்டு, தண்ணீரை மேலே ஊற்றாமல் ஸ்ப்ரேயரால் பையின் வெளிப்பக்கம் அடிப்பது, சாயங்காலம் ஒரு முறை, கோடையில் இரு முறை.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற பகுதிகளில், சில மாதங்களில் பையின் வெளியே வெள்ளையாகப் பூக்கும், பழைய பானையில் பூப்பதுபோல. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரைச் செடிக்கும் வீடு துடைக்கவும் சேர்த்து வைக்கிற நல்ல பழக்கம் பலருக்கு உண்டு, ஆனால் பையில் அதை ஊற்றாதீர்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. நான் சாகடித்ததாகச் சொன்ன பை இப்படித்தான் போனது. வெயிலால் செத்தது என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். மழைநீர், மெட்ரோ தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர், இவை போதும்.

கத்திரி வெயில் பற்றிக் கேட்டீர்கள். மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கிற நாளில் பால்கனி நிழலில் 39 டிகிரி காட்டியபோது, நனைந்த பையின் நடுவில் தெர்மாமீட்டர் 31தான் காட்டியது. காய்ந்த காற்றில் ஈரத்துணி நன்றாக வேலை செய்யும். கடல்காற்று புழுக்கமாக வீசுகிற நாளில் அந்த வித்தியாசம் குறைந்துவிடும், ஆனால் அன்றைக்கு வெயிலும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். மே மாதத்தில் நான் தீனியைப் பாதியாகக் குறைத்துவிடுவேன், மக்குகிற கழிவு தானே சூடு கிளப்பும் என்பதால். பையைச் சுற்றி ஒரு ஈரச் சாக்கு, மத்தியானம் ஒரு ஸ்ப்ரே. இரண்டு நாள் ஊருக்குப் போவதென்றால் பிரச்சினை இல்லை; ஒரு வாரம் என்றால் பையை ஸ்டாண்டோடு பாத்ரூமில் வைத்துவிட்டுப் போங்கள். நிரம்பிய பை சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். கால் பை மட்டும் இருந்தால் ஒரே மத்தியானத்தில் வெந்துவிடும்.

கீழ்வீட்டு மாமி விஷயம். தண்ணீரை மேலே ஊற்றாமல் இருந்தால் சொட்டுவது மிகக் குறைவு, ஆனாலும் கீழே பேசின் கட்டாயம். அதில் ஒரு கை காய்ந்த கோகோபீட்டைப் போட்டு வையுங்கள். சொட்டுவதை அது குடித்துவிடும், வாரம் ஒருமுறை எடுத்து மேலே போட்டுவிடலாம். வெறும் பேசினில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும், கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து பார்த்தால் அதுவும் ஒரு தலைவலி. நாற்றம் வந்தால் தீனியை நிறுத்தி, காய்ந்த அட்டையையும் இலையையும் கலந்துவிடுங்கள்; மூன்று நாளில் அடங்கும்.

எறும்பு வந்தால் பெரும்பாலும் பை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரியின் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, ஸ்டாண்டின் நாலு காலுக்கும் அதையே செய்யலாம். கொசுவை நினைத்து நான் தண்ணீருக்குப் பதில் கிரீஸ் தடவுகிறேன். பை சுவரையோ கிரில்லையோ தொட்டுக்கொண்டிருந்தால் இதெல்லாம் வீண், அந்த வழியாக ஏறிவிடும். எறும்புப் பொடியைப் பைக்கு அருகில் தூவவேண்டாம், புழுவும் சேர்ந்து சாகும். சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் குவியலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அவை பிளாக் சோல்ஜர் ஈயின் குஞ்சுகள். மண்புழுவைத் தின்னாது, தீனியைப் பறிக்கும், அவ்வளவுதான். பல்லி வரும். அதற்கு வலைமூடி.

முதல் ஐந்தாறு மாதம் கீழ்வாயைத் திறக்காதீர்கள், என்ன ஆர்வமாக இருந்தாலும். பை முக்கால் அளவு வந்த பிறகு, நாடாவைத் தளர்த்தி, கை களைக்கொத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். முதலில் நீங்கள் அடைத்த அட்டையின் மிச்சம் விழும், அதைத் திரும்ப மேலே போடுங்கள். அப்புறம் கறுப்பாக, பொலபொலவென்று, முதல் மழை மண் வாசனையோடு வருவதுதான் உரம். நாலு விரல் உயரத்துக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கவேண்டாம். நிறையப் புழு சேர்ந்து விழுந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். மேலே தீனி போதவில்லை அல்லது மேலே காய்ந்திருக்கிறது என்றும் அர்த்தம். எடுத்ததை நிழலில் ஒரு நாள் பரப்பி, மாவு சலிக்கிற சல்லடையைவிடப் பெரிய கண்ணுள்ளதில் சலியுங்கள். ஒரு தொட்டிச் செடிக்கு ஒரு கைப்பிடி.

கடைசியாக, உறுதியாகச் சொல்ல முடியாத சில விஷயங்கள். பையிலிருந்து சொட்டுகிற பழுப்புத் தண்ணீரை வெர்மிவாஷ் என்று பாட்டிலில் விற்கிறார்கள். முறையாகத் தயாரிக்கிற வெர்மிவாஷ் வேறு; நன்றாக வளர்ந்த புழுப்படுக்கை வழியாகச் சுத்தமான தண்ணீரை மெதுவாக இறக்கி எடுப்பது. சொட்டுவது பாதி மக்கிய கழிவின் சாறு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து குரோட்டன்ஸுக்கு ஊற்றுகிறேன். பச்சையாகச் சாப்பிடுகிற கொத்தமல்லி, புதினாவுக்கு ஊற்றமாட்டேன். மண்புழு உரம் போட்டால் பூச்சியே வராது என்பதையும் நான் நம்பவில்லை. என் கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி வழக்கம்போல வந்தது. செடி தேறி வந்தது உரத்தாலா, நான் தினமும் தண்ணீர் பீய்ச்சியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மண் பொலபொலப்பாவதும், தொட்டியில் ஈரம் கூடுதல் நேரம் நிற்பதும் கண்ணால் பார்த்தது.

எப்போது தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கவேண்டும். இப்போது பங்குனி, நாளைக்கே பை தைத்துப் புழு விட்டால் நிரம்பாத பையோடு கத்திரியில் மாட்டிக்கொள்வீர்கள். இந்தக் கோடையில் ஸ்டாண்டு அடித்து, பை தைத்து, வெயில் கோட்டைப் பார்த்துவைத்து, அட்டையும் காய்ந்த இலையும் சேர்த்துக்கொண்டிருங்கள். ஆடிக் காற்று ஓய்ந்து ஆவணி பிறந்ததும் புழு விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மேலே ஒரு பழைய குடை போதும். அடுத்த மே வரும்போது பை நிரம்பியிருக்கும்.